கொடுங்கோலன் மந்திரத்தில் பிழைத்தவள் பழி தீர்க்க வருகிறாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் நாங்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் கூடி, பாத்திரமேற்று ஆடும் கற்பனை ஆட்டம் ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது. புதிதாகச் சேர்பவர்களில் பாதிப் பேர் ஒரே கதையோடுதான் வருகிறார்கள். கொடுங்கோலன் ஒருவன் மந்திரம் ஏவி ஊரை அழித்தான், நான் மட்டும் தப்பினேன், அவனைச் சும்மா விடமாட்டேன் என்பதுதான் அந்தக் கதை. கதையில் குற்றமில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு வரி கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவதை விட, கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

இது என்ன ஆட்டம்? எனக்கு ஒன்றுமே தெரியாது.

ஒருவர் சூழலைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். இந்த வகை ஆட்டங்களில் முதலில் அச்சேறியது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. நாங்கள் ஆடுவது அதன் ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்த விதிகள்.

ஆட்டம் நடத்துபவரை எங்கள் குழுவில் கட்டியங்காரர் என்று கூப்பிடுகிறார்கள். சேலம், தருமபுரிப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ராஜாவை அறிமுகப்படுத்துவதும் அவர்தான், அதே ராஜாவைக் கேலி செய்வதும் அவர்தான்.

விதிநூல் வாங்க வேண்டுமா?

வேண்டாம். அடிப்படை விதிகளின் தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பென்சிலும், பாத்திரத்தின் விவரங்களை எழுத ஒரு தாளும் கொண்டுவாருங்கள். பகடை எங்களிடம் இருக்கிறது.

பழிவாங்கும் பாத்திரம் என்றாலே ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

சுளிக்கவில்லை. பழி ஒரு திசையைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. "கொடுங்கோலனைக் கொல்ல வேண்டும்" என்று தாளில் எழுதிவிட்டு ஒருவர் உட்கார்ந்தால், கொடுங்கோலன் இல்லாத காட்சிகளில் அவர் என்ன செய்வார்? ஆட்டத்தில் பத்தில் ஒன்பது காட்சிகளில் கொடுங்கோலன் இருக்கமாட்டான். சத்திரக்காரனிடம் பேரம் பேச வேண்டும், மழைக்கு ஒதுங்க வேண்டும், கூட வந்தவனுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைக்க வேண்டும். அப்போதெல்லாம் மூலையில் கத்தி தீட்டிக்கொண்டிருக்கும் பாத்திரம் மற்றவர்களுக்குச் சுமை.

ஆகவே என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அந்த மந்திரம் அவளை ஏன் கொல்லவில்லை? இதற்கு நல்ல பதில் கிடைத்துவிட்டால் பாத்திரத்தின் மற்றப் பகுதிகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதிர்ஷ்டத்தால் தப்பினாள் என்று சொன்னால் போதாதா?

போதும், அந்த அதிர்ஷ்டத்தைக் கணக்குப் பார்த்திருந்தால். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இதையே கடைசி வரை பிடித்துக்கொண்டு போகிறேன். பாத்திரத்தின் பெயர் பாவாயி. கொலுசுப் பட்டறைக்காரி. கொடுங்கோலனின் ஆயுதம் சதையைக் கல்லாக்கும் மந்திரம்.

ஐந்தாம் பதிப்பில் இது ஆறாம் படி மந்திரம். ஏவப்பட்டவர் உடல் உறுதியை வைத்துப் பகடை உருட்ட வேண்டும். தோற்றால் சதை இறுகத் தொடங்கும், நகர முடியாது. அதன் பிறகு தன் முறை முடியும்போதெல்லாம் மறுபடி உருட்ட வேண்டும். மூன்று முறை வென்றால் மந்திரம் கலையும். மூன்று முறை தோற்றால் கல். வெற்றியோ தோல்வியோ தொடர்ச்சியாக வர வேண்டியதில்லை, எது முதலில் மூன்றைத் தொடுகிறதோ அதுதான் கணக்கு.

மந்திரவாதி ஒருவன் இதை ஏவக் குறைந்தது பதினொன்றாம் நிலையில் இருக்க வேண்டும் (நிலை என்பது பாத்திரம் எவ்வளவு தேர்ந்தது என்பதன் அளவு, படி என்பது மந்திரத்தின் வலிமை). அப்படிப்பட்டவன் புத்திக்கூர்மையில் உச்சமான 20இல் இருந்தால், அவனை எதிர்த்து நிற்க, பகடையில் விழுவதும் உடல் உறுதிக்கான கூட்டலும் சேர்ந்து 17 தேவை. பாவாயியின் உடல் உறுதி 14, அதற்குக் கூட்டல் 2. ஆக பகடையில் 15 அல்லது மேலே விழ வேண்டும். ஒவ்வோர் உருட்டலிலும் வாய்ப்பு 30 சதவீதம். முதல் தோல்விக்குப் பிந்தைய உருட்டல்களை மட்டும் எண்ணினால், மூன்று தோல்விக்கு முன் மூன்று வெற்றி பெறும் வாய்ப்பு ஏறக்குறைய 16 சதவீதம். உடல் உறுதி 10 உள்ள சாதாரண ஊர்க்காரருக்கு அது 6 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

இப்போது யோசியுங்கள். பாவாயி போன்ற ஆறு பேரில் ஒருவர் தப்பலாம் என்றால், "நான் மட்டும் பிழைத்தேன்" என்பது உண்மையா, அல்லது அவள் அப்படி நம்புகிறாளா? தப்பிய மற்றவர்கள் எங்கே? எனக்குக் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அப்படியென்றால் ஒரே நாளில் ஊரே கல்லானது என்று எழுத முடியாதா?

எழுதலாம், ஆனால் விதி அதைவிடக் கொடூரமான ஒன்றைத் தருகிறது. இந்த மந்திரம் ஒரு நேரத்தில் ஒருவர் மீதுதான் பாயும். பதினொன்றாம் நிலை மந்திரவாதிக்கு ஆறாம் படி மந்திரம் ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒருமுறைதான் கைகூடும். அதாவது நாளுக்கு ஓர் ஆள். ஊரை அழிக்க அவனுக்கு மாதங்கள் ஆகியிருக்கும். பகாசுரனுக்கு வண்டிச் சோறும் ஆளும் அனுப்பிய ஊர் போல, நாளை யார் முறை என்று தெரிந்தபடியே அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள்.

யார் பெயரை யார் எழுதிக் கொடுத்தார்கள்? முறையை மாற்றிக்கொள்ள யார் காசு கொடுத்தார்கள்? பாவாயியின் கோபம் மந்திரவாதி மீது மட்டும்தானா, அந்தப் பட்டியலை எழுதிய ஊர்க் கணக்குப்பிள்ளை மீதும் உண்டா? ஓரிரவில் எரிந்த ஊரிலிருந்து இவ்வளவு சரக்குக் கிடைக்காது.

வேறு எப்படித் தப்பியிருக்கலாம்?

எனக்கு மிகப் பிடித்த வழி விதிக்குள்ளேயே இருக்கிறது. மந்திரம் நிலைக்க ஏவியவன் ஒரு நிமிடம், அதாவது ஆட்டக் கணக்கில் பத்துச் சுற்று, மனத்தைக் குவித்து வைத்திருக்க வேண்டும். அந்த நிமிடம் முழுவதும் கலையாமல் நின்றால்தான் கல் நிரந்தரம். இடையில் அவனுக்கு அடி விழுந்தால் அவனும் ஓர் உருட்டல் உருட்டியாக வேண்டும். இலக்கு 10, அல்லது பட்ட அடியில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. தோற்றால் மந்திரம் அறுந்துபோகும்.

ஆக, பாவாயி பிழைத்தாள் என்றால் யாரோ அந்த நிமிடத்தில் அவனை அடித்திருக்கிறார்கள். எங்கள் எடுத்துக்காட்டில் அது அவளுடைய தாய்மாமன். பட்டறையில் உருகிக்கொண்டிருந்த வெள்ளியை, உருக்கும் கிண்ணமான மூசையோடு தூக்கி அவன் மேல் வீசினார். வெள்ளி உருகுவது 961 டிகிரி செல்சியசில். மந்திரம் அறுந்தது. மறுநாள் முறை மாமனுடையது.

இனி அவள் நெஞ்சில் இருப்பது வெறும் ஆத்திரமில்லை. மாமன் உயிர் கொடுத்து வாங்கிய உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது வழியும் உண்டு: அவனே விட்டுவிட்டான். அப்படி எழுதினால் காரணத்தை என்னிடம் மட்டும் சொல்லுங்கள், அல்லது காரணத்தை என் கையில் விட்டுவிடுங்கள்.

மந்திரத்தின் தழும்பு உடலில் இருக்கலாமா?

இருக்கட்டும். மந்திரம் கலைந்தால் உடல் முழுமையாக மீளும் என்பதே விதி, ஆனால் எங்கள் ஆட்டத்தில் ஒரு தழும்பை அனுமதிக்கிறேன். இரண்டு நிபந்தனைகள்: அது ஏதாவது ஒரு வேலைக்கு உதவ வேண்டும், வேறொன்றைக் கெடுக்க வேண்டும். கண் நிறம் மாறியது, தலையில் ஒரு வெள்ளை முடி என்றெல்லாம் வருவது தழும்பில்லை, ஒப்பனை.

பாவாயிக்கு இடது கை மணிக்கட்டு வரை வெள்ளைக்கல்லாகிவிட்டது. சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கல் புதிதல்ல. நகரத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவே கிடக்கும் வெளிறிய கரடுகளைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்பு என்று எண்ணிப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். உண்மையில் அது மேக்னசைட். அந்தப் பெயரில் சேலம் அருகே ஒரு ரயில் சந்திப்பே இருக்கிறது. வெட்டியெடுத்த கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியா மிஞ்சும். எஃகு உலைகளின் உட்புறத்தில் பதிக்கும் தீச்செங்கல் அதிலிருந்துதான் வருகிறது. மக்னீசியா உருக 2,800 டிகிரி வரை போக வேண்டும்.

இதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவந்தோம். பாவாயி இடது கையை நெருப்பில் நீட்டலாம், சுடாது. கொதிக்கும் மூசையை வெறும் கையால் தூக்கலாம். ஆனால் சுடப்படும் மேக்னசைட் தன் எடையில் பாதிக்குமேல் வாயுவாக இழக்கும். ஆகவே ஒவ்வொரு முறை நெருப்பைத் தொடும்போதும் கை கொஞ்சம் இலேசாகிறது, கொஞ்சம் பொடிகிறது. எத்தனை முறை தாங்கும் என்பதை நான் ரகசியமாகப் பகடை உருட்டி வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது.

கெட்டுப்போனது எது என்றால், அவளுடைய தொழில். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசு செய்யும் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். உருக்குவது ஒருவர், கம்பி இழுப்பது ஒருவர், வெங்காரம் தொட்டு ஊதுகுழலால் பற்றவைப்பது ஒருவர் என்று வேலை கைமாறிக்கொண்டே போகும். பாவாயியின் வேலை கடைசி வேலை, திருகாணி மாட்டுவது. அரிசியை விடச் சற்றே பெரிய ஆணி. இடது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொலுசின் வாயை அசையாமல் பிடித்திருந்தால்தான் வலது கை மரையைச் சரியாக ஏற்ற முடியும். கல்விரல் பிடிக்கும், ஆனால் எவ்வளவு அழுத்துகிறது என்று அவளுக்குத் தெரியாது. வெள்ளி நசுங்கிவிடும். இப்போது கொலுசைப் பல்லால் கடித்துக்கொண்டு திருகாணி மாட்டப் பழகுகிறாள். எங்கள் ஆட்டத்தில் ஓர் இரவு முழுக் காட்சியும் இதிலேயே போனது. சண்டை ஒன்றுகூட இல்லை, யாரும் எழுந்து போகவுமில்லை.

குணமாக்கும் மந்திரம் இருக்கிறதே, கையைச் சரி செய்துகொள்ளலாமே?

விதிப்படி முடியும். ஐந்தாம் படியில் ஒரு மீட்பு மந்திரம் இருக்கிறது. அதற்கு நூறு பொற்காசு மதிப்புள்ள வைரப்பொடி வேண்டும், ஒருமுறை பயன்படுத்தினால் பொடி தீர்ந்துபோகும். பாதியில் நிற்கும் கைக்கும் அதையே மருந்தாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே பொடி ஊரில் கல்லாகி நிற்கும் ஒருவரை உயிரோடு மீட்கும். நூறு காசு சேர்ந்ததும் அவள் முதலில் யாரை மீட்பாள்? தன் கையையா, மாமனையா, கணக்குப்பிள்ளையின் பெண்ணையா? பழியை விட இந்தக் கணக்கு அவளை அதிகம் அலைக்கழிக்கும் என்பது என் எண்ணம். மீட்கவே முடியாத மரணங்களை விட, விலை வைத்த மீட்பு நல்ல கதை தரும்.

கஞ்சமலைச் சித்தர் கதையைப் பாத்திரத்தின் பின்னணியாக வைக்கலாமா?

தாராளமாக. மூலிகைக் குச்சியால் கிளறிய சோறு கறுத்துப்போக, குருவுக்குப் பயந்து சீடனே அதைத் தின்று இளைஞனாகிவிட்டான் என்று அந்த மலையைப் பற்றி வழங்கும் கதை, இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்தது. தெரியாமல் ஒன்றைத் தின்றவன் மந்திரத்துக்கு மசியாமல் போவது மிக நம்பும்படியான பின்னணி. குச்சி எந்தச் செடியுடையது என்று தேடி அலைவதை மட்டும் உங்கள் பாத்திரத்தின் தலையில் கட்டிவிடுவேன்.

சேர்வராயன் கோயிலையும் மலைவாழ் மக்களையும் கதையில் கொண்டுவரலாமா?

கோயில் வேண்டாம். மலை உச்சியில் குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள், மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக் கிராமங்கள் திரண்டு வருகின்றன. இன்றைக்கும் கும்பிடப்படும் இடத்தில் புதையல் வைத்து, பூதத்தைக் காவல் போடுவதை நான் அனுமதிப்பதில்லை. மலையாளிப் பழங்குடியினரும் அப்படித்தான். காஞ்சியிலிருந்து வந்த சகோதரர்களின் வழி தாங்கள் என்று அவர்களே சொல்லும் வரலாறு அவர்களுடையது. அதை எடுத்து "மர்மமான மலைச்சாதி" என்று எழுதிக்கொண்டு வருபவரின் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மலையை எடுத்துக்கொள்ளுங்கள், மனிதர்களைக் கற்பனை செய்யுங்கள். பனி இறங்கி எதிரே வருபவர் முகம் தெரியாமல் போவது, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, காப்பி பூக்கும் நாள்களின் வாசனை, எல்லாம் தாராளமாக வரட்டும். எங்கள் கற்பனை மலைக்கு வெண்கரடு என்று பெயர். ஆட்டத்தில் நிலைகள் மொத்தம் 20, ஏற்காடு சாலையில் கொண்டை ஊசி வளைவுகளும் 20. இதைக் கண்டுபிடித்த நாளில் எங்களுக்கு இருந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. வெண்கரட்டுக்கு ஏறும் பாதையிலும் அதே எண்ணிக்கைதான், கொடுங்கோலன் இருப்பது பதினொன்றில்.

கொடுங்கோலனைப் பற்றி நான் எவ்வளவு எழுத வேண்டும்?

அவன் முகத்தையும், அவன் உங்கள் பாத்திரத்திடம் பேசிய ஒரு வாக்கியத்தையும் மட்டும் எழுதுங்கள். மீதி என் வேலை.

பழி தீர்க்க ஊரையே எரிக்கலாமா?

கண்ணகி மதுரையை எரித்தபோதே முதியோரையும் குழந்தைகளையும் தொடாதே என்று தீக்கு ஆணையிட்டாள். அவளுக்கே விலக்குப் பட்டியல் இருந்தது. உங்கள் பாத்திரத்துக்கும் ஒன்று வேண்டும்: யாரைத் தொடமாட்டாள் என்று மூன்று வரி எழுதிக் கொடுங்கள். நான் அந்த மூன்று வரியையும் சோதிப்பேன், அதற்காகத்தான் கேட்கிறேன்.

ஆனால் எனக்குக் கண்ணகியை விடப் பழையனூர் நீலிதான் இங்கே முக்கியம். கணவனால் கொல்லப்பட்டவள் மறுபிறவியில் அவனைத் துரத்திக்கொண்டு திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூருக்கு வருகிறாள். கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று அழுகிறாள். ஊர் வேளாளர் எழுபது பேர் அவள் கண்ணீரை நம்பி, அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். காலையில் அவன் பிணம். வாக்குக் கொடுத்த எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

நீலி தன் பழியைத் தீர்த்துக்கொண்டாள், அவளுக்கு நடந்தது அநியாயம்தான். எழுபது பேர் செய்த தவறு அவளை நம்பியது மட்டும். பழிவாங்கும் பாத்திரத்தோடு ஆடும் மற்ற ஆட்டக்காரர்கள் அந்த எழுபது பேரின் இடத்தில் இருப்பவர்கள். அவளுக்காக ஜாமீன் நிற்கிறார்கள். அவர்களிடம் எதை மறைக்கிறாள் என்பதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிடுங்கள். ஒரு கட்டத்தில் அவர்களுக்கும் தெரிந்தாக வேண்டும், தெரியும்போது திரும்பிப் போக வழி இருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு என் பழியில் அக்கறையே இல்லையென்றால்?

அவர்கள் தாளைப் படியுங்கள். ஒருவர் காணாமல் போன அண்ணனைத் தேடுகிறாரா? அந்த அண்ணன் கொடுங்கோலனின் பட்டியலில் இருந்திருக்கட்டும். ஒருவர் காசுக்காக வந்த கூலிப்படையா? மாமன் வீசிய வெள்ளி இன்னும் அங்கேயே உறைந்து கிடக்கட்டும். இதை நீங்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். என்னை எதிர்பார்த்தால் எல்லோருடைய அண்ணன்களையும் கல்லாக்கிவிடுவேன்.

எந்தத் தொழில் வகை எடுப்பது?

பழிக்கென்றே சபதமெடுத்த வீரன் வகை விதியில் இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். பாவாயியைக் கைவினைப் பொருள்களில் மந்திரம் ஏற்றுபவளாகவோ, சாதாரணப் போர்வீராங்கனையாகவோ வைத்தால் எனக்கு மகிழ்ச்சி. எடுத்தே தீருவேன் என்றால் எடுங்கள், சண்டையில்லை.

கொடுங்கோலன் பாதியிலேயே செத்துவிட்டால்?

நடக்கும். பகடை யார் பேச்சையும் கேட்காது. அப்படி நடந்தால் ஆட்டத்தை நிறுத்தமாட்டேன். அவன் ஏவிய கல் அவன் சாவோடு கலையாது, நிமிடம் முழுவதும் கலையாமல் நின்ற மந்திரம் தனியாகத்தான் நீக்கப்பட வேண்டும். ஊர் இன்னும் கல்லாகவே நிற்கும். வைரப்பொடிக் கணக்கு அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் செய்வேன். திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவமாய்க் கிடக்க, பாஞ்சாலி கூந்தல் முடிந்த பிறகும் கூத்து சட்டென்று முடிவதில்லை. அவன் மனைவி பெருந்திருவாள் வந்து அழும் கட்டம் இருக்கிறது. வெண்கரட்டுக் கொடுங்கோலனுக்கும் அழ ஒருத்தி இருப்பாள். அவள் பாவாயியிடம் என்ன கேட்பாள் என்பதை எழுதி வைத்துவிட்டேன். ஆட்டக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்பதால் அதை மட்டும் இங்கே போடவில்லை.

என் பாத்திரம் பழியைக் கைவிடலாமா?

எப்போது வேண்டுமானாலும். தாளில் அந்த வரியை அடித்துவிட்டு, அதற்குப் பதில் என்ன எழுதுகிறீர்கள் என்று மட்டும் எனக்குக் காட்டுங்கள்.